கழுவினால்தான் முகம் தெரியும்

என் தங்கையின் கல்யாணத்தில் நான் எட்டுப் புகைப்படங்கள் எடுத்தேன். எட்டும் அற்புதமான படங்கள். இதை நான் எவ்வளவு அடித்துச் சொன்னாலும் யாரும் மறுக்க முடியாது. ஏனென்றால் அந்த எட்டில் ஒன்றைக்கூட இதுவரை ஒருவரும் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நடந்த கதை இது. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு நூல் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். அப்பா அம்மாவும் தங்கை ருக்குவும் ராசிபுரத்தில் தறியோடு இருந்தார்கள். எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். மனைவி நல்லம்மாளும் ராசிபுரத்தில்தான். நான் வாரம் முழுவதும் சேலத்தில் கிடந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வீட்டுக்குப் போவேன்.

கடை முதலாளிக்குப் பம்பாய் மில் ஏஜெண்டு ஒருவர் ஒரு பெட்டிக் கேமராவை அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார். முதலாளி அதை நாலு நாள் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதைத் திறந்தாலும் உள்ளே இருட்டாகவே இருந்ததால் சலித்துப்போய் என்னிடம் தள்ளிவிட்டார். அன்று பிடித்தது சனியன். அந்தக் கேமராவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மேலே இருக்கும் சின்னக் கண்ணாடியைக் குனிந்து பார்த்துப் படம் எடுக்க வேண்டும். அந்த வயதில் நான் யாருக்கும் தலை குனிந்ததில்லை, அந்தக் கண்ணாடியைத் தவிர. மூன்றாவது பிலிம் சுருள் முடிவதற்குள் நான் ஒரு கலைஞன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. (மற்றவர்களுக்குத் தெரியவில்லை. அது அவர்கள் குறை.)

சுருளை எடுத்தால் மட்டும் போதாதே, அதை இருட்டறையில் மருந்துத் தண்ணீரில் போட்டு எடுக்க வேண்டும். அதற்குக் கழுவுவது என்று பெயர். பேட்டையில் அதைச் செய்யக்கூடியவர் ஒரே ஒருவர்தான், 'ஸ்டாண்டு' துரைசாமி. மூன்று கால் ஸ்டாண்டின் மேல் மரக் கேமராவை வைத்து, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, கண்ணாடிப் பிளேட்டில் படம் பிடிக்கும் தொழில்காரர். நாற்பது வயதிருக்கும். எந்நேரமும் வெற்றிலை. என்னைப் போன்றவர்களுக்கு அவர் வைத்திருந்த பெயர் 'பொட்டிக்காரங்க'.

என் சுருளைக் கழுவிக் கொடுக்கும்போதெல்லாம் ஒரு வார்த்தையும் சேர்த்துக் கொடுப்பார். "ஏனுங்க தம்பி, இந்த அம்மாளுக்குத் தலை எங்கீங்க?" என்பார். "பனமரத்துப்பட்டி ஏரின்னு சொன்னீங்க, ஏரி அப்பிடியே சாய்ஞ்சு கொட்டுதுங்களே" என்பார். கடையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பது போல் பல்லைக் கடிப்பேன்.

ஒரு நாள் பொறுமை போய்விட்டது. அன்று அவர் ஒரு குடும்பத்தை நிறுத்தி வைத்துப் படம் எடுக்கத் தயாராகிக்கொண்டிருந்தார். "அசையாதீங்க, சிரிக்காதீங்க, மூச்சை அடக்குங்க" என்று வழக்கமான பாட்டு. நடுவிலேயே என் சுருளைப் பற்றியும் ஏதோ சொன்னார். நான் எல்லார் காதிலும் விழும்படி, "இப்படி விறைப்பா நிக்க வெச்சுப் புடிச்சா, உசுரோட இருக்கிறவங்க படமும் மாலை போட்டு மாட்டுற படமாட்டந்தான் இருக்கும்" என்றேன். அந்தக் குடும்பத்துப் பெரியவர் முகம் கறுத்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மனைவி மக்களோடு படம் எடுக்காமலே இறங்கிப் போய்விட்டார்.

துரைசாமி என்னைத் திட்டவில்லை. கேமராவின் மூடியை மெதுவாகத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ருக்குவின் கல்யாணத்துக்குப் படம் எடுக்க வரும்படி அப்பா அவருக்கு ஏற்கனவே வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்லியிருந்தார். "கல்யாணத்துக்கு நீங்க வர வேண்டாம், நானே எடுத்துக்கறேன்" என்றேன். தாம்பூலம் வைத்த ஆளை வேண்டாம் என்பது எங்கள் பக்கத்தில் செருப்பால் அடிப்பதற்கு அடுத்த படி.

"சரீங்க தம்பி, எடுங்க" என்றார் அவர். "எடுத்ததை யாரு கழுவுவாங்க?"

"மதராசுக்கு அனுப்பிக் கழுவிக்கிறேன்."

"நல்லாக் கழுவுங்க சாமி" என்று சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்பப் போய்விட்டார்.

கல்யாணத்தன்று நான் பண்ணிய ஆர்ப்பாட்டத்தை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது. பந்தலுக்குள் வெளிச்சம் போதவில்லை. மணவறைக்கு நேர் மேலே நாலு தென்னங்கீற்றைப் பிரிக்கச் சொன்னேன். மாப்பிள்ளை சபாபதியின் அம்மா அயோத்தியாப்பட்டணத்து அம்மாள். பல்லி கத்தினால் எந்தப் பக்கம் கத்தியது என்று எழுந்து பார்த்துவிட்டு வந்துதான் மிச்சப் பேச்சைப் பேசுவார். அவர் ஓட்டையை அண்ணாந்து பார்த்து, "மணவறை மேலயா ஓட்டை?" என்றார். நல்லவேளை, யாரோ நாயனக்காரரைக் கெட்டிமேளம் வாசிக்கச் சொல்லிவிட்டார்கள்.

மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். அந்த நேரம் பார்த்து ஒரு மேகம் வந்து சூரியனை மூடியது. நான் ஆட்டுக்கல் மேல் நின்றபடி, "மாப்பிள்ளை, கட்டிராதீங்க! மேகம் போகட்டும்!" என்று கத்தினேன். அவர் நல்ல மனிதர். தாலியைப் பிடித்த கையோடு அப்படியே நின்றார். நாயனக்காரர் கன்னம் உப்ப ஊதிக்கொண்டே இருந்தார். "முகூர்த்தம் போகுதுங்க!" என்று சம்பந்தியம்மாள் அலறினார். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் நான் ஆட்டுக்கல்லோடு கல்லாக ஆகியிருக்க வேண்டும். மேகம் விலகியது. தாலி ஏறியது. நான் 'கிளிக்' என்றேன். (கேமரா அவ்வளவு சத்தமாகச் சொல்லாது. நான்தான் வாயால் சொன்னேன்.)

எட்டுப் படமும் முடிந்தது. சம்பந்தியம்மாளின் மூத்த மகன் ரங்கூனில் இருந்தார். தம்பி கல்யாணத்துக்கு வர முடியவில்லை. "படம் வந்ததும் மொதல்ல அவனுக்கு அனுப்போணும்" என்று அந்த அம்மாள் பஸ் ஏறும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடிகாலை நான் சேலம் புறப்படும்போது, சுருளை நல்லம்மாளிடம் கொடுத்தேன். மதராசுக்குப் பார்சல் அனுப்ப விலாசம் அப்போது கையில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப்போவதாக எண்ணம். அவளிடம் சொன்னது இவ்வளவுதான்: "பத்திரமா வெச்சுக்க. இதைக் கழுவணும். கழுவினாத்தான் எல்லார் முகமும் தெரியும்."

மதராஸ் என்று சொல்லவில்லை. மருந்து என்று சொல்லவில்லை. இருட்டு என்று சொல்லவில்லை. கலைஞன் அல்லவா, எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருப்பானா?

ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுக்குள் நுழைந்தபோது நல்லம்மாள் முகம் விளக்குப் போட்டது போல் இருந்தது. அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். அப்பா தறியில் இருந்தார். அவள் என் கையைப் பிடித்து (பகலில் அவள் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை) கொல்லைப்புறத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். வேப்பமர நிழலில் கொடி கட்டியிருந்தது. அதில் என் சுருள் நீளமாகத் தொங்கிக்கொண்டிருந்தது, இரண்டு முனையிலும் நூல் முடிச்சுப் போட்டு.

"உங்களுக்கு வேலை இருக்குதேன்னு நானே கழுவிப்போட்டேனுங்க" என்றாள்.

நான் சுருளின் நுனியைத் தொட்டுப் பார்த்தேன்.

"வெறுந்தண்ணில போகலீங்க. அப்பறம் வெந்நி வெச்சு, பூந்திக்கொட்டை ஊறவெச்சு, பட்டுக்குத் தேய்க்கறாப்பல பதமாத் தேச்சேனுங்க. அப்பப்பா, என்னா அளுக்குங்க அது! கொழகொழன்னு வந்துட்டே இருந்துச்சு. எல்லாம் போயிருச்சு. பாருங்க, கண்ணாடியாட்டம் இருக்குது."

உண்மைதான். கண்ணாடி மாதிரிதான் இருந்தது. அதன் வழியாக எங்கள் வேப்பமரம், கிணறு, அதற்கு அப்பால் பக்கத்து வீட்டு எருமை எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன. கொழகொழவென்று போன அழுக்கில்தான் என் தங்கை இருந்தாள், மாப்பிள்ளை இருந்தார், தாலி இருந்தது, நான் நிறுத்தி வைத்த முகூர்த்தமும் இருந்தது.

அவள் சுருளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தயங்கினாள். "ஆனா மூஞ்சி ஒண்ணுந் தெரியலீங்க. இன்னொருக்கா கழுவோணுங்களா?"

எனக்குக் கோபம் வந்தது என்று சொன்னால் பொய். கோபம் வருவதற்குள் அவள் விரல்களைப் பார்த்துவிட்டேன். வெந்நீரில் ஊறி நுனியெல்லாம் சிவந்து சுருங்கியிருந்தன. ஒரு முழுப் பட்டுச் சேலைக்குச் செய்கிற உபசாரத்தை அந்த முழ நீள நாடாவுக்குச் செய்திருக்கிறாள், எனக்காக. நான் கொல்லைப்புறத் துவைகல்லில் உட்கார்ந்து, கழுவுவது என்றால் என்ன என்பதை அவளுக்கு அன்றுதான் விளக்கினேன். அதைவிடத் தாமதமான பாடத்தை யாரும் நடத்தியிருக்க மாட்டார்கள்.

அவள் சத்தம் போட்டு அழவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் இறங்கியது. "நானே அத்தைகிட்டச் சொல்லிடறேனுங்க" என்று எழுந்தாள். நான் அவள் முந்தானையைப் பிடித்து நிறுத்தினேன்.

என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். என் அம்மா திட்டினால் அரை நாளில் மறந்துவிடுவார். ஆனால் அயோத்தியாப்பட்டணம் மறக்காது. வந்து எட்டு மாதமான மருமகள், நாத்தனார் தாலி ஏறிய படத்தைத் தேய்த்துக் கழுவித் தண்ணீரில் விட்டாள் என்று தெரிந்தால் போதும். அந்த வீட்டில் ஒரு மாடு செத்தாலும், ருக்குவுக்குப் பிள்ளை தள்ளிப்போனாலும், நல்லம்மாளின் கைதான் காரணம் என்பார்கள். ராசியில்லாத கை என்று ஒரு பெண்ணுக்குப் பேர் வைத்துவிட்டால் அதைக் கழுவ எந்தக் கொட்டையும் கிடையாது. சபையில் குத்துவிளக்கு ஏற்றக்கூட அவளைக் கூப்பிட மாட்டார்கள்.

அன்று சாப்பிடும்போது நானே சொன்னேன்: "படம் எதுவும் விழலைப்பா. எனக்கு எடுக்கத் தெரியலை."

பரிமாறிக்கொண்டிருந்த நல்லம்மாளின் கரண்டி குழம்புச் சட்டியில் இடித்தது. அப்பா சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். பிறகு, "மேகம் போகட்டும்னியே?" என்றார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகக் கடினமான பொய் அதுதான். பொய் சொல்வதில் சங்கடமில்லை. அது பாதி உண்மையாக இருந்துவிடுமோ என்ற பயம்தான்.

செய்தி அயோத்தியாப்பட்டணம் போயிற்று. சம்பந்தியம்மாள் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார்: "மொதப் படமே விழலைன்னா மனசு கெதக்குங்குது. ரங்கூனுக்கு என்னத்தை அனுப்ப? வர்ற நல்ல நாள்ல துரைசாமியைக் கூட்டிக்கிட்டு எல்லாரும் இங்க வாங்க."

ஆக, துரைசாமியிடம் நான்தான் போக வேண்டும். கண்ணாடியாகிவிட்ட சுருளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். ஏதாவது ஒரு மூலையில் ஒரு மூக்காவது மிச்சம் இருக்காதா என்று ஒரு நப்பாசை. அவர் அதை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். பிறகு மூக்கருகில் கொண்டுபோனார்.

"பூந்திக்கொட்டைங்களா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"யாருங்க கழுவுனது?"

"நான்தான்."

"தம்பி, உங்க வேட்டியவே நீங்க ஒரு நாளும் கழுவுனதில்லைன்னு பார்த்தாத் தெரியுதுங்க" என்றார். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு ஸ்டூலை என் பக்கம் தள்ளினார்.

"எங்க ஊட்டுல ஒருக்கா பன்னெண்டு கண்ணாடிப் பிளேட்டுங்க. ஒரு ஜமீன் கல்யாணம். இருட்டறையில காய வெச்சுட்டு வெளிய போயிட்டேன். வந்து பார்த்தா எங்க ஊட்டுக்காரம்மா எல்லாத்தையும் சாம்பல் போட்டுப் பளபளன்னு வெளக்கி, ஊறுகாய்ச் சாடி ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு மூடி வெச்சிருந்தாங்க. மூடி இல்லாம எறும்பு வருதுன்னு மாசக்கணக்கா சொல்லிட்டிருந்தாங்க, நாந்தான் காதுல வாங்கலை." வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். "ஜமீன்ல என்ன சொன்னேன் தெரியுங்களா? மருந்து கெட்டுப்போச்சுன்னு சொன்னேன். தொழிலே போயிரும்போல ஆச்சு. இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் சொன்னதில்லீங்க."

என்னிடம் ஏன் சொன்னார் என்று எனக்கு விளங்கியது. அன்று அந்தக் குடும்பத்தை நான் விரட்டிவிட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அதை விடுங்க. என்னிக்கு வரோணும், அதைச் சொல்லுங்க" என்றார்.

அயோத்தியாப்பட்டணத்து வீட்டு வாசலில் கூட்டமாக நின்றோம். நடுவில் ருக்குவும் மாப்பிள்ளையும் மறுபடி மாலையோடு. அவர்களுக்கு இரண்டு பக்கமும் பெரியவர்கள். நான் ஒரு கோடியில், நல்லம்மாள் பெண்கள் வரிசையில் எனக்குப் பின்னால். துரைசாமி வந்ததுமே எல்லாரிடமும், "தம்பி மேல தப்பில்லீங்க, அந்தச் சுருளே மட்டம். வெயில் தாங்காம உருகிப்போச்சு" என்று சொல்லிவிட்டார். அவர் வாயால் ஒரு பெட்டிக்காரனுக்கு நற்சாட்சி! கேட்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

ஆனால் சம்பந்தியம்மாளின் தம்பி காளியப்பன் விடுவதாக இல்லை. "உருகுனது சுருளா, தம்பியோட வித்தையா?" என்றார். சிரித்தார்கள். "ஆட்டுக்கல்லு மேல ஏறி நின்னாரே, அப்பவே நெனச்சேன். மாவாட்டத் தெரியும், படம் புடிக்கத் தெரியாது." அதற்கும் சிரித்தார்கள். நான் சிரிப்பது போல் பல்லைக் காட்டினேன். அதில் எனக்குப் பழக்கம் உண்டு.

துரைசாமி துணிக்குள் பார்த்து முடித்து, பிளேட்டைச் செருகி, கேமராவுக்குப் பக்கத்தில் வந்து நின்று மூடியில் கை வைத்தார். "அசையாதீங்க. சிரிக்காதீங்க. மூச்சை அடக்குங்க."

"தம்பி மூச்சை மட்டும் நல்லா அடக்குங்க, கண்ணு. அதாவது தெரியுமா?" என்றார் காளியப்பன்.

அப்போது என் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. நடுங்கியது, ஆனால் உரக்க வந்தது.

"அவருக்கு நல்லாவே தெரியுமுங்க. எட்டும் விழுந்துச்சுங்க. நாந்தான் பூந்திக்கொட்டை போட்டுக் கழுவிப்போட்டேன்."

அப்பா, அம்மா, ருக்கு, யாரும் அசையவில்லை. துரைசாமி வாழ்நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அசையாமை அது. நான் சம்பந்தியம்மாளின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டு விளக்கு அங்கேதான் எரிந்துகொண்டிருந்தது, ஊதினால் அணைந்துவிடும்.

"பூந்திக்கொட்டையா?" என்றார் அந்த அம்மாள்.

"ஆமாங்க. வெந்நில ஊறவெச்சு. பட்டுக்குப் போடறாப்பல."

"வெயில்ல காயப்போட்டியா?"

"இல்லீங்க. சாயம் போயிருமேன்னு நெழல்லதான் போட்டேன்."

சம்பந்தியம்மாள் தலையை ஆட்டினார். நாற்பது வருஷம் தறியில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுத் தோய்ந்த கை அவர் கை. நெற்றியைச் சுருக்கி, மெய்யாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போல் கேட்டார்:

"கஞ்சி போட்டியா?"

"போடலாம்னுதான் இருந்தேனுங்க. எதுக்கும் அவரைக் கேட்டுட்டுப் போடலாம்னு விட்டுட்டேன்."

முதலில் சம்பந்தியம்மாளின் தோள் குலுங்கியது. பிறகு வயிறு. பிறகு அவர் தலையை மேலே தூக்கிச் சிரித்த சிரிப்பில் கூரையிலிருந்த புறாக்கள் எழுந்து பறந்தன. "கேட்டுட்டுப் போடலாம்னாளாம்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ருக்கு மாப்பிள்ளையின் தோளில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். என் அப்பா வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தார். காளியப்பன்கூடச் சிரித்தார், வேறு வழியில்லை. துரைசாமி மூடியைக் கழற்றினார். ஒன்று, இரண்டு. மூடினார்.

அதற்குப் பிறகு முறைப்படி எல்லாரையும் விறைப்பாக நிறுத்தி இன்னொரு படமும் எடுத்தார். சம்பந்தியம்மாள் நல்லம்மாளைக் கூப்பிட்டு, அந்த இரண்டாவது படத்துக்குத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். ருக்குவின் முதல் பிள்ளைக்குத் தொட்டில் கட்டியபோது, பிள்ளையை எடுத்துத் தொட்டிலில் இட நல்லம்மாள்தான் வர வேண்டும் என்று அந்த அம்மாளே ஆள் அனுப்பினார். "அவ கைபட்டா அளுக்கு தங்காது" என்றாராம்.

நான் அந்தப் பெட்டிக் கேமராவை விடவில்லை. சுருள்களைத் துரைசாமியிடமே கொடுத்தேன். அவரும் வழக்கம்போல் தலை எங்கே, கால் எங்கே என்று கேட்டுக்கொண்டுதான் கழுவினார். எங்கள் வீட்டில் இன்றைக்கும் யார் எதைச் சரியாகச் செய்து முடித்துவிட்டதாகப் பெருமையடித்தாலும், "கஞ்சி போட்டாச்சா?" என்று ஒரு குரல் வரும். அதற்கு மேல் அவர்களால் பேச முடியாது.

ரங்கூனுக்கு விறைப்பான படம் போயிற்று. சிரிக்கிற படத்தை ருக்கு கேட்டு வாங்கி எங்களுக்குக் கொடுத்தாள். கூடத்தில் அதுதான் மாட்டியிருக்கிறது. எல்லார் முகமும் ஓரத்தில் லேசாகக் கலைந்திருக்கிறது, ஆனால் யார் யாரென்று தெரிகிறது. ஒரு கோடியில் நிற்கும் ஆளுக்கு மட்டும் முகமே இல்லை. கழுத்துக்கு மேல் ஒரு வெள்ளைக் கலங்கல், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக்கு வரும் ஒவ்வொரு மருமகளும் அந்தப் படத்தின் முன்னால் நின்று, முகம் இல்லாத இந்த ஆள் யார் என்று கேட்டிருக்கிறாள். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் நல்லம்மாள் அடுப்படியிலிருந்தே சொல்லிவிடுவாள்:

"அது உங்க மாமனுங்க கண்ணு. அல்லாரும் கேமராவப் பார்த்தாங்க. அவரு என்னயத் திரும்பிப் பார்த்துட்டாரு."